துரோகி என்றொரு சொல்

எதிர்ப்புச் சக்தி என்ற சொல்லுக்கு எங்கள் சனத்திடம் இருக்கிற மதிப்பு வேறெந்த வைத்தியச் சொல்லுக்கும் இல்லை. கொரோனாக் காலத்தில் அது ஐரோப்பாவிலுள்ள தமிழ்க் குசினிகளுக்குள் புகுந்து அடுப்படியில் குந்திக்கொண்டது. கொத்தமல்லித் தண்ணீர், இஞ்சிச் சாறு, கருஞ்சீரகம், மஞ்சள் போட்ட பால், பெயர் தெரியாத வேர்களை இடித்து ரின்னில் அடைத்த தூள் என்று எதை எடுத்தாலும் அதன் கீழே ஒரு வரி இருந்தது: எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும். கொரோனா அடங்கிய பிறகும் அந்தச் சொல் எழுந்து போகவில்லை. இன்றைக்கு யாருக்காவது புற்றுநோய் என்று கேள்விப்பட்டால், நலம் விசாரிக்க வருகிறவர்கள் ஒரு பையில் தோடம்பழமும் இன்னொரு பையில் எதிர்ப்புச் சக்தியும் கொண்டு வருகிறார்கள்.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு படம் இருக்கிறது. உடம்பு ஒரு கோட்டை. வெண்குழியங்கள் அதன் காவற்படை. நோய் வெளியிலிருந்து வரும் பகைவன். பள்ளிக்கூடப் புத்தகத்திலும் இந்தப் படத்தைத்தான் பார்த்தோம். பிள்ளைகளுக்கு விளங்கவைக்க அது போதும். ஆனால் நோயாளிக்கு அதே படம் ஒரு குற்றப்பத்திரிகையாக மாறிவிடுகிறது. பகைவன் உள்ளே வந்துவிட்டான் என்றால் படை பலவீனம். படை பலவீனம் என்றால் அதற்குச் சோறு போட்டு வளர்க்கவேண்டியவள் ஒழுங்காக வளர்க்கவில்லை.

என் அக்கா இந்தக் குற்றப்பத்திரிகையை ஒரு வருடத்துக்கு மேலாகத் தன் மடியில் வைத்திருந்தார்.

அவருக்கு 2014இல் மார்பகப் புற்றுநோய் கண்டார்கள். அப்போது வயது 49. சத்திரசிகிச்சை, கதிர்ச்சிகிச்சை, பிறகு ஐந்து வருடம் குளிசை. எல்லாம் முடிந்து கோவிலில் அர்ச்சனையும் செய்தாயிற்று. 2021 கோடையில் இடுப்பெலும்பு நோகிறது என்றார். முதியோர் இல்லக் குசினியில் இருபது வருடத்துக்கு மேல் நின்று வேலை செய்த இடுப்பு. நோகத்தானே செய்யும் என்று நினைத்தோம். ஸ்கான் எடுத்தபோது எலும்பில் மூன்று இடங்களில் இருந்தது. முற்றாகச் சுகப்படுத்த முடியாது, ஆனால் பல வருடங்களுக்கு அடக்கி வைத்திருக்கலாம் என்று வைத்தியர் சொன்னார். மூன்று கிழமை குளிசை, ஒரு கிழமை ஓய்வு, மாதத்துக்கொரு ஊசி.

அந்தக் குளிசை புற்றுக்கலங்கள் பிரிவதைத் தடுக்கும்போது எலும்பு மச்சையில் வெண்குழியங்கள் உண்டாவதையும் மட்டுப்படுத்தும். எல்லாருக்கும் நடப்பதுதான், அதற்காகத்தான் அந்த ஒரு கிழமை ஓய்வு. ஆனால் அக்கா ஒவ்வொரு முறையும் குருதிப் பரிசோதனைத் தாளை வாங்கி, தனக்குத் தெரிந்த ஒரேயொரு டொய்ச் வைத்தியச் சொல்லைத் தேடிப் பிடித்து, அதற்கு நேரே இருக்கும் எண்ணைப் பார்ப்பார். எண் இறங்கியிருக்கும். எதிர்ப்புச் சக்தி குறைகிறது. உடனே தூள் ரின் திறக்கும்.

ஈரல் பரிசோதனை எண்கள் ஏறத் தொடங்கியபோது வைத்தியர் குளிசையை நிறுத்திவைத்துவிட்டு, வேறு ஏதாவது எடுக்கிறீர்களா என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். குசினியில் கதைக்கிற டொய்ச் அவருக்கு நன்றாக வரும். ஆஸ்பத்திரியில் என் வாயால்தான் கதைப்பார். அன்றைக்கு என் வாய்க்கு எதுவும் தரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் அலுமாரியைத் திறந்து நான்கு ரின்களை எடுத்து மேசையில் வைத்தார். இரண்டில் என்ன இருக்கிறது என்று எந்த மொழியிலும் எழுதியிருக்கவில்லை.

"எதிர்ப்புச் சக்தி இருந்திருந்தா இது எலும்புக்குப் போயிருக்குமே? நைட் வேலை, நேரத்துக்குச் சாப்பாடில்லை, நித்திரையில்லை. நான் என்ரை உடம்பைப் பாக்கேல்லை. இப்ப அது எனக்குத் துரோகம் செய்துபோட்டுது" என்றார்.

துரோகம், துரோகி. எங்கள் தலைமுறையில் இந்தச் சொல்லைச் சும்மா சொல்ல முடியாது. தமிழ் அகராதியில் அதற்கு ஒரு பொருள் இருக்கலாம். எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு அது ஒரு மின்கம்பமும், கழுத்தில் தொங்கவிட்ட மட்டையும், அதைச் சுற்றி நின்ற அமைதியும். அக்கா அந்தச் சொல்லைத் தன் உடம்புக்குச் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் தொழில் தொடர்பான கட்டுரைகளிலும் இதே சொல்லைத்தான் நான் அடிக்கடி பார்க்கிறேன். புற்றுநோய் பரவுவதற்கு நோயெதிர்ப்புக் கலங்களே உதவுகின்றன என்ற செய்தி வரும்போதெல்லாம் தலைப்பில் ஒரு காட்டிக்கொடுப்பவன் வந்துவிடுவான்: உடம்பின் துரோகிகள், கட்சி மாறிய காவலர்கள், உள்ளேயிருக்கும் எதிரி.

நான் ஒரு திசு ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். சத்திரசிகிச்சையில் வெட்டியெடுத்த துண்டுகள் மெழுகுக் கட்டிகளாக எங்களிடம் வரும். அதை மூன்று மைக்ரோமீற்றர் தடிப்பில், அதாவது தலைமுடியின் தடிப்பில் இருபதில் ஒரு பங்கிலும் குறைவாகச் சீவி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்தி, சாயம் போடுவது என் வேலை. அதைப் பார்த்து நோயின் பெயரைச் சொல்வது மேலேயிருக்கும் வைத்தியர்களின் வேலை. அக்காவின் துண்டு வேறு இடத்துக்குப் போனது. அதை நான் பார்க்கவில்லை. பார்க்கக் கேட்கவும் இல்லை.

ஆனால் ஆயிரக்கணக்கான மற்றப் பெண்களின் துண்டுகளைப் பார்த்திருக்கிறேன். கட்டி என்றவுடன் அது முழுக்கப் புற்றுக்கலங்களால் ஆனது என்றுதான் எல்லாரும் நினைப்போம். அப்படியில்லை. சிடி68 என்ற அடையாளத்தைத் தேடும் ஒரு சாயம் இருக்கிறது. பெருவிழுங்கி எனப்படும் வெண்குழிய வகையை அது மண்ணிறமாகக் காட்டும். அந்தச் சாயத்தைப் போட்டால், நீலக் கருக்களுக்கு நடுவில் மண்ணிறப் புள்ளிகள் நிரை நிரையாகத் தெரியும். சில கட்டிகளில் கோவில் திருவிழாக் கூட்டம்போல இருக்கும். அவை எல்லாம் அந்தப் பெண்ணின் சொந்தக் கலங்கள். எலும்பு மச்சையில் பிறந்து குருதியில் பயணம் செய்து அங்கே போய்ச் சேர்ந்தவை. காவல் காக்க வேண்டியவை கட்டிக்குள் என்ன செய்கின்றன?

இந்தக் கேள்வி பழையது. ஜெர்மன் நோயியலாளர் ருடோல்ஃப் விர்ஷோ 1863இலேயே கட்டிகளுக்குள் வெண்குழியங்கள் நிற்பதைக் குறித்து வைத்தார். அழற்சி நாட்பட்ட இடத்தில்தான் புற்றுநோய் உண்டாகிறதோ என்றும் யோசித்தார். அவருக்குப் பின், 1882இல், இத்தாலியின் மெசினா நகரில் கடலோர வீடொன்றில் இருந்த ரஷ்ய விலங்கியலாளர் இலியா மெச்னிக்கோவ், கண்ணாடிபோலத் தெளிவான நட்சத்திரமீன் குஞ்சொன்றில் முள்ளைக் குத்தி வைத்தார். அடுத்த நாள் காலையில் பார்த்தால் முள்ளைச் சுற்றி நடமாடும் கலங்கள் மொய்த்திருந்தன. விழுங்கும் கலங்கள் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. 1908இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. முள் குத்திய இடத்துக்கு ஓடிவருவதுதான் அவற்றின் முதற்குணம்.

1986இல் அமெரிக்க நோயியலாளர் ஹரோல்ட் ட்வோராக் ஒரு கட்டுரை எழுதினார். கட்டிகள் ஆறாத புண்கள் என்பது அதன் தலைப்பின் பொருள். என் தொழிலில் நான் படித்த தலைப்புகளில் இதைவிடச் சரியானது இல்லை. ஒரு காயம் ஆறுவதற்கு என்னென்ன வேண்டும்? செத்த கலங்களை அள்ள வேண்டும். புதுக்குருதிக் குழாய்களை வரவழைக்க வேண்டும். சுற்றியுள்ள நார்களை இளக்கி, புதுக்கலங்கள் நகர்ந்துவர வழி விட வேண்டும். வளரச்சொல்லிச் சமிக்ஞை கொடுக்க வேண்டும். கடைசியாக, தாக்குதல் போதும் என்று கொலைக்கலங்களை அடக்க வேண்டும். இத்தனையிலும் பெருவிழுங்கிக்குப் பங்குண்டு. கட்டி விடுகிற சமிக்ஞையும் காயம் விடுகிற சமிக்ஞையும் ஏறத்தாழ ஒன்றுதான். கலம் வருகிறது. காயத்துக்குச் செய்கிற அதே ஐந்து வேலைகளையும் செய்கிறது. காயமாக இருந்தால் ஒரு கட்டத்தில் சமிக்ஞை நின்றுவிடும். கட்டியில் அது நிற்பதேயில்லை.

இதன் விளைவை நியூயோர்க்கில் ஜெஃப்ரி பொலார்டின் குழு 2001இல் எலிகளில் காட்டியது. பெருவிழுங்கிகளை வளர்க்கும் ஒரு புரதம் பிறவியிலேயே இல்லாத எலிகளை எடுத்தார்கள். மார்பில் கட்டி மற்ற எலிகளைப் போலவே வந்தது, வளர்ந்தது. ஆனால் நுரையீரலுக்குப் பரவுவது வெகுவாகக் குறைந்தது. கட்டி தோன்றுவதற்கு அந்தக் கலங்கள் தேவைப்படவில்லை. பயணம் போகத்தான் தேவைப்பட்டன. பிறகு அங்கேயே, உயிருள்ள எலியின் கட்டிக்குள் நுணுக்குக்காட்டியை வைத்துப் பார்த்தபோது, புற்றுக்கலம் ஒரு புரதத்தைச் சுரந்து பெருவிழுங்கியை அழைப்பதும், பெருவிழுங்கி இன்னொரு புரதத்தைச் சுரந்து புற்றுக்கலத்தை அழைப்பதும், இரண்டும் ஒன்றின்பின் ஒன்றாகக் குருதிக் குழாயை நோக்கி நகர்வதும் தெரிந்தன. குழாய்ச் சுவரில் பெருவிழுங்கி நிற்கும் இடத்தில்தான் புற்றுக்கலம் உள்ளே நுழைந்தது.

இதே குழுவின் இன்னொரு ஆய்வை நான் அதிகம் நினைப்பதுண்டு. அந்தப் புரதம் இல்லாத பெண் எலிகளுக்குப் பருவ வயதில் பால் நாளங்கள் ஒழுங்காகக் கிளைவிடவில்லை. அதாவது மார்பு மார்பாக வளர்வதற்கே இந்தக் கலங்கள் வேண்டும். நார்களை இளக்கி வழிவிடுவது அவற்றுக்குப் புற்றுநோய் கற்றுக்கொடுத்த வித்தையல்ல. பிள்ளைக்குப் பால் வருவதற்காக எப்போதோ கற்றுக்கொண்ட வேலை அது.

புற்று என்ற எங்கள் சொல்லுக்குள்ளேயே இந்தக் கதை இருக்கிறது. கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்ததுபோல என்று ஊரில் சொல்வார்கள். 1889இல் லண்டனில் ஸ்டீவன் பேஜெட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பதிவுகளைப் படித்தார். நோய் எங்கும் கண்டபடி பரவவில்லை, சில உறுப்புகளையே திரும்பத்திரும்பத் தேடிப் போகிறது என்று கண்டார். விதையை மட்டும் பார்த்தால் போதாது, மண்ணையும் பாருங்கள் என்றார். மண்ணை யார் கிளறி வைக்கிறார்கள் என்பதற்கு ஒரு பதில் 2005இல் நியூயோர்க்கில் டேவிட் லைடனின் குழுவிடமிருந்து வந்தது. எலிகளில், புற்றுக்கலம் நுரையீரலுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னரே எலும்பு மச்சையிலிருந்து கலங்கள் அங்கே போய் இடத்தைத் தயார்செய்திருந்தன. தூரத்திலுள்ள கட்டி விட்ட சமிக்ஞைக்கு அவை அப்படிப் பதில் சொல்லியிருந்தன. கறையான் தன் வீட்டைத்தான் கட்டியது. பாம்புக்காகக் கட்டவில்லை.

நான் வாழும் பாசல் நகரத்துக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு இருக்கிறது. இங்கே பிறந்த ஃபிரெட்ரிக் மீஷர் என்பவர் 1869இல், ஜெர்மனியின் ரூபிங்கன் நகரில், ஆஸ்பத்திரியில் கழற்றிப் போட்ட சீழ்ப்பிடித்த கட்டுத்துணிகளைக் கழுவி, அதிலிருந்த வெண்குழியங்களின் கருவிலிருந்து ஒரு புதுப் பொருளைப் பிரித்தெடுத்தார். இன்றைக்கு நாங்கள் டிஎன்ஏ என்று சொல்வது அதைத்தான். அவருடைய பெயரால் பாசலில் ஓர் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்கே மொஹமட் பென்திரெஸ்-அல்ஜின் குழு 2014இல் வெளியிட்ட முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. பெருவிழுங்கிகளின் முன்னோடிக் கலங்களைக் கட்டிக்குள் அழைக்கும் ஒரு சமிக்ஞையை மருந்தால் மறித்தார்கள். அக்கலங்கள் எலும்பு மச்சையிலேயே தங்கின. எலிகளில் பரவல் குறைந்தது. மருந்தை நிறுத்தினார்கள். அடைபட்டிருந்த கலங்கள் ஒரேயடியாக வெளியே வந்தன. பரவல் முன்னரைவிட வேகமானது, எலிகள் சீக்கிரமே இறந்தன. அந்த வருடம்தான் அக்காவின் முதல் சத்திரசிகிச்சை. இரண்டும் ஒரே ஊரில், சில ட்ராம் தரிப்புகள் தூரத்தில் நடந்தன.

ஐந்து வருடம் கழித்து, 2019இல், பாசல் பல்கலைக்கழகத்தில் நிக்கோலா அசேத்தோவின் குழு மார்பகப் புற்றுநோயுள்ள பெண்களின் குருதியில் அலையும் புற்றுக்கலங்களைப் பிடித்துப் பார்த்தது. சில கலங்கள் தனியே போகவில்லை. நியூட்ரோபில் என்ற வெண்குழியங்கள் அவற்றோடு ஒட்டிக்கொண்டு போயின. அப்படித் துணையோடு போன கலங்கள் அதிகமாகப் பிரிந்து பெருகின. எலிகளில் வேகமாக வேரூன்றின. அக்கா ஒவ்வொரு மாதமும் தாளில் தேடிப் பார்த்து, குறைந்துவிட்டதே என்று கலங்கியது பெரும்பாலும் இந்த நியூட்ரோபில்களின் எண்ணைத்தான்.

அதற்காக அவை இல்லாமலே இருக்கலாம் என்று நினைத்துவிடக்கூடாது. நியூட்ரோபில் அளவுக்கு மீறிக் குறைந்தால் சாதாரணக் காய்ச்சலே ஆளைக் கொண்டுபோய்விடும். நோயெதிர்ப்புக் கலங்கள் புற்றுநோயை உண்மையிலேயே காவல் காக்கின்றன என்பதற்கு நான் அறிந்த வலுவான சாட்சி ஸ்கொட்லாந்திலிருந்து வந்தது. 2003இல் அங்குள்ள வைத்தியர்கள் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று 16 வருடம் நோயின்றி வாழ்ந்தவர். அவர் இறந்த பின் சிறுநீரகங்களை இரண்டு பேருக்குப் பொருத்தினார்கள். பொருத்திய உறுப்பை உடம்பு ஏற்பதற்காக அவர்களுக்கு நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து கொடுக்கப்பட்டது. இருவருக்கும் அந்த மெலனோமா வந்தது. பதினாறு வருடமாக அது போகவில்லை, காவலில் இருந்திருக்கிறது. அந்தக் காவலை மறுபடி எழுப்பும் சிகிச்சைக்கு வழிகாட்டியதற்காகத்தான் ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுக்கு ஹொன்ஜோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

ஆக, ஒரே உடம்பில், ஒரே குடும்பத்துக் கலங்கள், ஓரிடத்தில் புற்றைக் கொல்கின்றன, இன்னோரிடத்தில் மறிக்கின்றன, வேறோரிடத்தில் அதற்கு வழித்துணை போகின்றன. எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று ரின்னில் எழுதுகிறவர் இதில் எதைக் கூட்டப் போகிறார்? கூட்டவும் குறைக்கவும் ஒற்றை ஆளி அங்கே இல்லை. எதைச் செய்கிறோம் என்று தெரிந்து, ஒரேயொரு சமிக்ஞையை மட்டும் மறித்த விஞ்ஞானிகளுக்கே, கையை எடுத்தபோது எலிகள் செத்தன.

இதை அக்காவுக்கு எப்படிச் சொல்வது? புரதங்களின் பெயரும் எலிகளின் கதையும் அவருக்கு உதவாது. அவருடைய இடது பெருவிரலில் ஒரு தழும்பு இருக்கிறது. குசினியில் கோவா வெட்டும்போது கத்தி இறங்கியது. நான் அதைத் தொட்டுக் காட்டினேன்.

"இது எப்பிடி ஆறினது அக்கா?"

"மருந்து கட்டினது, ஆறினது."

"மருந்து கிருமியைத்தான் பாத்தது. தசையை மூடினது உங்கடை வெண்குழியங்கள். செத்ததை அள்ளி, நரம்பைக் கூப்பிட்டு, வழி வெட்டி, வளரச்சொல்லி. அதே கலங்களை இப்ப கட்டி கூப்பிடுது, இஞ்சை காயம், வாங்கோ எண்டு. அதுகளுக்குக் காயம் மாதிரித்தான் தெரியுது. வந்து தங்கடை வேலையைச் செய்யுதுகள். உங்கடை எதிர்ப்புச் சக்தி குறைஞ்சதாலை இல்லை. சாப்பிடாததாலையும் இல்லை. அது வேலை செய்யுது அக்கா. கூப்பிட்ட இடந்தான் பிழை."

அக்கா கொஞ்ச நேரம் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நான் எதிர்பாராத ஓர் இடத்துக்குப் போனார்.

"வான்காரரை உனக்கு ஞாபகமிருக்கோ?"

இருந்தது. 1985இல் எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்கு இருபது. எங்கள் சந்தியிலிருந்து பட்டினத்துக்கு வான் ஓட்டியவர். பிள்ளைப்பேறு வந்தாலும் பாம்பு கடித்தாலும் நடுச்சாமத்தில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். ஒருநாள் றோட்டில் ஆமிக்காரர் மறித்துச் சாக்குகளை ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினார். முகாமடியில் இறக்கினார். இரண்டு கிழமை கழித்துச் சந்தியில் மின்கம்பத்தில் கட்டியிருந்தார்கள். கழுத்து மட்டையில் அந்தச் சொல் இருந்தது. அம்மா என் கண்ணைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனா. அக்காவின் கண்ணைப் பொத்த ஆள் இருக்கவில்லை.

"அந்த மனுசனுக்கு வான் ஓடத்தான் தெரியும். ஆர் மறிச்சாலும் ஏத்துவார். அதுதானே அவற்றை வேலை" என்றார் அக்கா. "அந்தச் சொல்லை நான் இனி என்ரை உடம்புக்குச் சொல்லமாட்டன்."

நான் மறுத்து எதுவும் சொல்லவில்லை. ஆனால் இங்கே எழுதும்போது ஒன்றைச் சேர்க்க வேண்டும். வான்காரருக்குப் பயம் இருந்தது, வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள், தலையில் துவக்கு இருந்தது. கலத்துக்கு அப்படியொன்றும் இல்லை. அதற்கு விசுவாசமும் இல்லை, துரோகமும் இல்லை. சமிக்ஞை வந்தால் போகும். மனிதனைக் கலத்தோடு ஒப்பிட்டால் மனிதனைக் குறைத்துவிடுவோம். ஆனால் கலத்துக்கு மட்டையைக் கட்டுகிறபோது, அந்த மட்டை கடைசியில் தொங்குவது நோயாளியின் கழுத்தில்தான். அக்கா அதைத் தன் வழியில் கண்டுபிடித்துக் கழற்றினார்.

ஆய்வாளர்கள் மட்டும் அந்தச் சொல்லிலிருந்து முழுதாக விடுபடவில்லை. பெருவிழுங்கிகளை அழிப்பது என்ற எண்ணத்தோடுதான் பல மருந்துகள் புறப்பட்டன. அவற்றைச் சார்ந்து வளரும் ஓர் அரிய மூட்டுக் கட்டிக்கு அப்படியொரு மருந்து 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மார்பகம்போன்ற உறுப்புகளின் புற்றுநோய்களில் அழிப்பது மட்டும் பெரிய பலன் தரவில்லை. அழிப்பதற்குப் பதிலாக, அவை கேட்கும் சமிக்ஞையை மாற்றி, காயம் ஆற்றும் வேலையிலிருந்து விழுங்கும் வேலைக்குத் திருப்ப முடியுமா என்பதை இப்போது பல கூடங்களில் பார்க்கிறார்கள். அக்காவின் காலத்துக்குள் அது வந்து சேரும் என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

நான்கு ரின்களையும் அடுத்த சந்திப்புக்குக் கொண்டுபோனோம். வைத்தியர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார், ஏசவில்லை. தூளை நிறுத்தியபின் ஈரல் எண்கள் இறங்கின. தூள்தான் காரணமென்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இனி வேண்டாம் என்றார். குளிசை திரும்பத் தொடங்கியது. கொத்தமல்லித் தண்ணீர் மட்டும் இன்னும் அடுப்பில் கொதிக்கிறது. அது ருசிக்கு என்று அக்கா சொல்கிறார். தாளில் வெண்குழியங்களின் எண்ணை இப்போதும் பார்க்கிறார். இறங்கியிருந்தால், இந்தக் கிழமை கோவிலுக்குப் போகவேண்டாம், சனம் கூட, காய்ச்சல் தொற்றும் என்று தானே முடிவெடுக்கிறார்.

போன மாதம் எங்கள் ஊர்ப் பெண்ணொருத்தி பேர்னிலிருந்து அவருக்குத் தொலைபேசி எடுத்தாள். முப்பத்தெட்டு வயது, இரண்டு சின்னப் பிள்ளைகள், நோய் தெரிந்து பத்து நாள். நான் பக்கத்தில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மற்றப் பக்கத்தில் நெடுநேரம் அழுகைதான் கேட்டது. அக்கா இடைமறிக்கவில்லை. கடைசியில் சொன்னார்:

"இல்லைப் பிள்ளை, நீ சாப்பிடாததாலை வரேல்லை. உன்ரை உடம்பு உன்னைக் கைவிடவும் இல்லை. அதுக்குத் தெரிஞ்ச வேலையை அது செய்துகொண்டுதான் இருக்குது. ஆர் என்ன தூள் கொண்டுவந்து தந்தாலும் வாங்கி வை, குடிக்க முதல் டொக்டரிட்டைக் காட்டு. இப்ப சொல்லு, பிள்ளையளுக்கு இரவைக்கு என்ன சமைச்சனி?"